படப்பைக்கு மேற்கே ஒரு மான் வேட்டை

எண்பத்தெட்டாம் வருடம், பொங்கல் முடிந்த மறு ஞாயிறு. காலை ஐந்து மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் சைக்கிளை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, பாலமேறி மேற்குப் பக்கம் இறங்கினேன். சிட்லபாக்கத்திலிருந்து நிலையம் வரை மூன்று கிலோமீட்டர் பனியில் மிதித்து வந்ததில் மீசையெல்லாம் ஈரம். தோளில் ஐந்தடி நீளத்துக்குப் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு மூட்டை. படப்பை பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் அதைத்தான் முதலில் பார்த்தார்.

"இன்னா சார் அது? கம்பா?"

"வில்லு."

"எந்த ஊர்ல நாடகம்?"

"படப்பைக்கு அந்தாண்ட" என்றேன். வேறு என்ன சொல்வது? டிக்கெட் ஒரு ரூபாய் இருபது காசு. நாடகக்காரன் என்பதால் லக்கேஜ் கேட்கவில்லை.

முடிச்சூர், மண்ணிவாக்கம், கரசங்கால் வழியாகப் பதின்மூன்று கிலோமீட்டர். முடிச்சூர் தாண்டினால் தெருவிளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் அறுத்த வயல்களின் மேல் பனி படுத்திருந்தது. பஸ்ஸில் கத்தரிக்காய்க் கூடைக்காரர்கள் இருவர், தலையில் துண்டு கட்டித் தூங்கும் ஒரு பெரியவர், நான். ஐந்து ஐம்பதுக்குப் படப்பை கடைத்தெருவில் இறங்கினேன். டீக்கடை பெஞ்சில் ஆரோக்கியம் எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

ஆரோக்கியம் எங்கள் பட்டறையில் வெல்டர். நான் அதே பட்டறையில் இரும்பு வேலைகளுக்குப் படம் வரைகிற ஆள். இருவருக்கும் முப்பது வயதிருக்கும். அவன் என்னை சார் என்று அழைப்பான், மரியாதையாகத்தான் பேசுவான். ஆனால் மூன்று வருடமாக மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் இருவரும் செய்துவந்த காரியத்தில் சாரும் வெல்டரும் இல்லை. அவன் மாமியார் வீடு படப்பையிலிருந்து மேற்கே நான்கு கிலோமீட்டர் உள்ளே, ஒரு புதர்க்காட்டை ஒட்டிய சிற்றூர். அந்தக் காட்டிலிருந்து புள்ளிமான்கள் விடிகாலையில் இறங்கி வந்து வேர்க்கடலைச் செடியை மேயும். அவற்றை வில்லும் அம்புமாக வேட்டையாடினோம்.

வேட்டை என்றால் எப்படிப்பட்ட வேட்டை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மானைக் கொல்வது குற்றம். அது எங்களுக்குத் தெரியும். அதனால் எங்கள் அம்புகளுக்கு முனை கிடையாது. நாணல் தண்டு, பின்னால் சேவல் இறகு, முன்னால் எலுமிச்சம்பழம் அளவுக்குத் துணி உருண்டை. உருண்டையைக் காவிக் கரைசலில் தோய்த்து எடுத்துப்போவோம். மானின் மேல் காவி பட்டால் வேட்டை முடிந்தது. அதுவும்கூடச் செய்யக்கூடாததுதான் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. வில்லை நாங்களே கெட்டி மூங்கிலைப் பிளந்து, செதுக்கி, நெருப்பில் காட்டி வளைத்தோம். நாண் கற்றாழை நார். மூன்று வருடத்தில் ஒரு மானின் மேல்கூட எங்கள் காவி பட்டதில்லை.

இது கடைசி ஞாயிறு. வியாழக்கிழமை ஆரோக்கியம் மஸ்கட் போகிறான். இரண்டு வருட ஒப்பந்தம்.

அவன் சைக்கிளின் பின்னால் நான் உட்கார, ஆறே காலுக்குக் காட்டோரம் போய்ச் சேர்ந்தோம். செசிலி அங்கே காத்திருந்தாள். ஆரோக்கியத்தின் மனைவி. சின்ன வயதிலிருந்து அந்தக் காட்டில் ஆடு மேய்த்தவள். மான் எங்கே படுக்கும், எந்த வழியாக இறங்கும், எந்தச் சத்தத்துக்கு ஓடும், எதற்கு ஓடாது எல்லாம் அவளுக்குத் தெரியும். மூன்று வருடமும் அவள் முன்னால் போவாள், நாங்கள் பின்னால் போவோம்.

என்னைப் பார்த்ததும் அவள் சொன்னாள்: "சார், இவர் இன்னிக்கு இரும்பு எடுத்துகினு வந்துகீறார். நீங்களே கேளுங்க."

ஆரோக்கியம் மறைக்கவில்லை. தோள்பையிலிருந்து ஓர் அம்பை எடுத்துக் காட்டினான். முன்னால் விரல் நீளத்துக்கு இரும்பு முனை. பட்டறையில் அவனே தீட்டியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"மூணு வருசமா துணி உருண்டைய வெச்சிகினு வெளாடிகினு கீறோம் சார். அங்க போனா மணலுதான். ஒரு தபா நெசமா அடிச்சுப் பாத்துட்டுப் போறேன். ஒரே தபா."

"மாட்டினா?" என்றாள் செசிலி. "பாஸ்போர்ட்டு போயிரும். விசா போயிரும். மூணு வருசமா நீ அலைஞ்ச அலைச்சல் அவ்ளோவும் போயிரும்."

"எவன் பாக்கப்போறான் இங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். உண்மையைச் சொன்னால், அந்த இரும்பைப் பார்த்ததும் அது பாய்வதை எனக்கும் பார்க்க ஆசைதான்.

"ஆறு இருவத்தஞ்சு ஆச்சு, போலாம்" என்று மட்டும் சொன்னேன்.

போகாதவர்களுக்கு அந்த நடையைப் பற்றி எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட வேண்டும். குதிகாலை ஊன்றக்கூடாது; பாதத்தின் வெளி ஓரத்தை முதலில் வைத்து, சருகு இருக்கிறதா என்று தோலால் பார்த்து, பிறகுதான் பாரத்தை இறக்க வேண்டும். செசிலி முந்தானையில் ஒரு சாம்பல் பொட்டலம் முடிந்திருப்பாள். பத்தடிக்கு ஒரு முறை ஒரு சிட்டிகை எடுத்து விடுவாள். சாம்பல் எங்கள் முகத்தை நோக்கி வந்தால் நல்லது, மான் பக்கம் போனால் சுற்றி வேறு வழியில் போக வேண்டும். இருநூறு அடி தூரம் போக நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் பட்டறை இல்லை, வாடகை இல்லை, மேலதிகாரி இல்லை. காதுகள் பெரிதாகிவிடும். பனி இலையிலிருந்து இலைக்குச் சொட்டுவது கேட்கும். காரைச் செடியின் வாசனை, ஈரமண் வாசனை, அப்புறம் ஏதோ ஒரு கட்டத்தில், ஆட்டுக் கொட்டகைபோல, ஆனால் அதைவிட லேசாக, மானின் வாசனை. அது மூக்கில் பட்டதும் பிடரி மயிர் சிலிர்க்கும். துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு இது எதுவும் வேண்டாம், அவன் தூரத்திலிருந்தே முடித்துவிடலாம். வில்லுக்கு இருபதடிக்குள் போயாக வேண்டும். அந்த இருபதடிக்குள் போவதில்தான் எல்லாமே இருந்தது.

ஏழு ஐந்துக்கு செசிலி உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். வேலிகாத்தான் புதருக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் உயரக் கடலைச் செடியில் நான்கு மான்கள். பெண் மான் மூன்று, ஆண் ஒன்று. வெயில் அப்போதுதான் தரைக்கு இறங்கியிருந்தது. மான்களின் முதுகிலிருந்து ஆவி எழும்பியது. ஆண் மான் எங்களுக்குப் பக்கவாட்டில் நின்று, ஒரு கொத்தைக் கடித்துவிட்டுத் தலையைத் தூக்கி, மென்றபடி எங்கள் பக்கமே பார்த்தது. மூன்று வருடத்தில் இவ்வளவு பக்கத்தில் நாங்கள் வந்ததே இல்லை.

ஆரோக்கியம் ஒரு முழங்காலில் எழுந்தான். இரும்பு அம்பை நாணில் ஏற்றினான். அவன் இழுத்த இழுப்பு இன்றும் கண்ணில் நிற்கிறது. நாண் அவன் காதோரம் வந்து நின்றது. மூங்கில் முனகவில்லை. இந்த அம்பு தப்பாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் இருமினேன்.

மான் துள்ளிய துள்ளலில் அம்பு அதன் வயிற்றுக்குக் கீழே போய் மண்ணில் செருகிக்கொண்டது. நான்கும் காட்டுக்குள் போய்விட்டன. போன பிறகும் வெகுநேரம் குளம்புச் சத்தம் கேட்டது.

ஆரோக்கியம் போய் அம்பைப் பிடுங்கி, முனையில் ஒட்டியிருந்த மண்ணை லுங்கியில் துடைத்துப் பையில் வைத்தான். என்னைப் பார்க்கவில்லை. செசிலி தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள்.

"குடிங்க சார். இருமலுக்கு."

"பனி" என்றேன்.

"ஆமா. ரொம்பப் பனி."

எட்டரைக்கு அவர்கள் வீட்டில் சாப்பாடு. சுடுகஞ்சி, கருவாட்டுக் குழம்பு. செசிலியின் அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஆரோக்கியம் தலை குனிந்து சாப்பிட்டான். மஸ்கட்டில் என்ன சாப்பாடு போடுவார்கள் என்று கேட்டேன். அவன் கை கழுவிவிட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்றான். வியாழக்கிழமை போகிறவன். இப்படியே போய்விட்டால் இரண்டு வருடத்துக்கு இது இப்படியே நிற்கும். நானும் போனேன்.

"ஆரோக்கியம், தெரிஞ்சுதான் இருமினேன்."

"தெரியும் சார்." அவன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். "நெச இருமல் வந்தா கண்ணுல தண்ணி வரும். உங்களுக்கு வரல."

என் பக்கம் திரும்பினான். "ஏன்னு மட்டும் சொல்லு."

முதல் தடவையாக நீ என்று பேசினான். பாஸ்போர்ட்டுக்காக என்று சொல்லியிருக்கலாம். மான் பாவம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் என் மனதில் இல்லாமலில்லை. ஆனால் அந்த நாண் அவன் காதோரம் வந்து நின்றபோது எனக்குள் முதலில் எழுந்தது இரண்டுமே அல்ல.

"நீ ஜெயிச்சுடுவியேன்னு" என்றேன். "மூணு வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்து அலையறோம். நீ அடிச்சுட்டுப் போயிடுவே. நான் இங்கே தனியா உருண்டைய வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அவன் என்னையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். மாட்டின் மேல் சாய்ந்துகொண்டு, மாடு நகர்ந்துபோகும் வரைக்கும் சிரித்தான். செசிலி சட்டுவத்தோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா?"

"பொறாமையாம்" என்றான். "சாருக்குப் பொறாமையாம்."

பகல் முழுவதும் கயிற்றுக்கட்டிலில் படுத்துப் பேசிக்கொண்டிருந்தோம். இரும்பு முனையை அவனே இடுக்கியால் கழற்றினான். அது பிறகு கதவுக்குக் கொக்கி ஆனது என்று கேள்வி. நான்கரை மணிக்கு, துணி உருண்டைகளைக் காவியில் தோய்த்துக்கொண்டு மீண்டும் புறப்பட்டோம். மாலையில் அவை தண்ணீருக்கு இறங்கும் என்று செசிலி குட்டைப் பக்கம் அழைத்துப் போனாள். கரைக்கு இந்தப் பக்கம் மூன்று பேரும் வயிற்றில் படுத்துக் காத்திருந்தோம். ஐந்தே காலுக்கு ஆண் மான் மட்டும் தனியாக வந்தது. காலையில் வந்த அதுவா, வேறா, தெரியாது.

"நீ அடி" என்று என்னிடம் கிசுகிசுத்தான் ஆரோக்கியம்.

"நீதான் போறே. நீ அடி."

"நீ அடி சார்."

இப்படி நாங்கள் உபசாரம் செய்துகொண்டிருக்கும்போதே செசிலி அவன் கையிலிருந்து வில்லை உருவினாள். அவள் அதற்கு முன் எங்கள் எதிரில் வில்லைத் தொட்டதில்லை. நாங்கள் கொடுத்ததும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை. படுத்தவாக்கிலிருந்து ஒருக்களித்து எழுந்து, வில்லைச் சாய்வாகப் பிடித்து, பாதி இழுப்பிலேயே விட்டாள். டப் என்று ஒரு சத்தம். மான் இரண்டடி பக்கவாட்டில் குதித்து, நின்று, திரும்பிப் பார்த்தது. அதன் தோளில், புள்ளிகளுக்கு நடுவே, உள்ளங்கை அகலத்துக்குக் காவி. பிறகு அவசரமில்லாமல் கரையேறிக் காட்டுக்குள் போனது.

"அவ்ளோதானா?" என்றாள் செசிலி.

நாங்கள் இருவரும் மான் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மூணு வருசமா இதுக்கா பேஜார் பட்டுகினு இருந்தீங்க?" வில்லைப் புருஷன் கையில் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்தவள் கரையில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன். அவள் தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. "அது நின்னு பாத்துச்சு, பாத்தீங்களா? யாருன்னு பாத்துச்சு." அதை அன்று மாலை பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

ஆறே முக்கால் பஸ்ஸுக்குப் படப்பையில் கொண்டுவந்து விட்டான் ஆரோக்கியம். பஸ் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வரேன் சார்" என்றான். மறுபடியும் சார்.

இரண்டு வருடம் என்று போனவன் ஒன்பது வருடம் இருந்தான். நடுவில் செசிலியையும் அழைத்துக்கொண்டான். தொண்ணூற்றாறில் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். கடலை வயலில் வரிசையாக நம்பர் போட்ட மனைக்கற்கள் நின்றன. குட்டை இருந்தது. தாம்பரத்துக்கு மேற்கே நான் பார்த்த ஊர்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் ஆயிற்று, அதில் அதிசயமில்லை. எனக்குத் தேவையாக இருந்தது ஒன்றுதான்: நாற்பது நிமிடம் ஓர் ஓசையும் எழுப்பாமல், வெறும் பாதத்தோடு, இன்னொரு உயிரை நோக்கி நடப்பது. சிட்லபாக்கத்தில் ஏரி இருக்கிறது, வேம்பு இருக்கிறது, விடியற்காலையில் அமைதியும் உண்டு. ஆனால் அங்கே மௌனமாக நடந்தால் நாலு பேர் உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள்.

அவன் புறப்பட்ட அந்த வியாழக்கிழமை எனக்கு லீவு கிடைக்கவில்லை. பம்பாய் போய் அங்கிருந்து மஸ்கட் என்று சொல்லியிருந்தான். சாயங்கால விமானம். எந்த நேரம் என்று கேட்க மறந்துவிட்டேன். பட்டறையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து மொட்டைமாடிக்கு ஏறினேன். மீனம்பாக்கத்தில் எழும்பும் விமானங்கள் எங்கள் தெருவுக்கு மேலே தாழ்வாக வரும். இருட்டுவதற்குள் மூன்று போயின. எது அவனுடையது என்று தெரியாததால் மூன்றுக்கும் கையசைத்தேன்.