டிரா கேட்காத ஆட்டம்

“தோத்துட்டேன் அண்ணாச்சி” என்று சொல்லிக்கொண்டேதான் ரூபஸ் டீக்கடைக்குள் நுழைவார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஜெயித்துவிட்டு வந்த அன்றைக்கும் அதே வரிதான். கடைக்காரர் வன்னியபெருமாள் செல்போனில் தேடிப் பார்த்தால் முதல் பரிசு என்று இருக்கும். “எதிராளிக்கு வயித்து வலி, பாவம்” என்பார் ரூபஸ்.

கோவில்பட்டிக்காரர். முப்பத்துநாலு வயது. விளையாட்டு ஒதுக்கீட்டில் மணியாச்சி ரயில் நிலையத்தில் வேலை. டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் ஒரு செஸ் கிராண்ட்மாஸ்டர் உட்கார்ந்திருப்பது பயணிகளுக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர், “கிராண்ட்மாஸ்டர்னா ஸ்டேஷன் மாஸ்டருக்கு மேலயா, கீழயா?” என்று கேட்டிருக்கிறார். “சம்பளத்துல கீழ” என்று சொல்லி நாகலாபுரம் போக எங்கே இறங்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினாராம்.

அவர் செஸ்ஸுக்கு வந்த கதையும் இப்படித்தான். சர்ச் வாலிபர் சங்கத்தில் கேரம் போர்டைச் சுற்றி எப்போதும் கூட்டம். இடம் கிடைக்காமல் மூலையில் கிடந்த செஸ் போர்டின் முன்னால் உட்கார்ந்தார். “பன்னெண்டு வயசுல பொடியனுவ வாங்குத பட்டத்த நான் இருபத்தேழுல வாங்குனேன். லேட்டா வந்தாலும் பாசஞ்சரும் ரயிலுதான?” என்பார். ஒரு போட்டியின் இணையதளத்தில் அவர் பெயருக்கு மேல் வேறு யாருடைய படமோ இருந்தது. மூன்று வருடமாக அப்படியே இருக்கிறது. “அவன் நம்மளவிட லட்சணமா இருக்கான். இருந்துட்டுப் போட்டும்.”

பெரிய ஆட்டக்காரர் எதிரே உட்கார்ந்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே ரூபஸ் டிரா கேட்டுவிடுவார். ஏன் என்று கேட்டால் சிரிப்பு: “அவிய நேரத்த நாம எதுக்கு வீணாக்கணும்?”

மனைவி ஷைலா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். செஸ்ஸில் குதிரை எப்படித் தாவும் என்பதுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. போன வருடம் அவர் செர்பியா கிளம்பியபோது, பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

“ஏங்க, ரெண்டு வருசத்துல பதினோரு டிரா நீங்களாக் கேட்டிருக்கீங்க. அந்த ஆட்டத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். ஒம்பதுல உங்களுக்குத்தான் நல்ல நிலைமைன்னு காட்டுது.”

“கம்ப்யூட்டருக்கு நம்மூரு வெயில் ஒத்துக்கல போல.”

“பாத்தீங்களா, இப்பயும் கேலிதான் பண்ணுதீங்க. அடுத்தவங்க சிரிச்சிருவாங்கன்னு நீங்களே முந்திச் சிரிக்கீங்க. எனக்கு அதுல சிரிப்பு வரல.”

அதற்கும் ஒரு பகடி தேடிப் பார்த்தார். ரயிலில் மதுரை தாண்டும் வரை ஒன்றும் கிடைக்கவில்லையாம்.

செர்பியாவில் கடைசிச் சுற்று. எதிரே, உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவர். டிரா என்றால் மூன்றாம் பரிசு நிச்சயம். ஜெயித்தால், பத்தே பேர் ஆடும் பெரிய போட்டிக்கு அழைப்பு. நாலு மணி நேரம் கழிந்தபோது இருவரிடமும் ஆளுக்கொரு யானை. ரூபஸிடம் ஒரு சிப்பாய் அதிகம். அப்போது அந்தப் பெரிய ஆட்டக்காரரே காயை நகர்த்திவிட்டு, “டிரா?” என்று மெல்லக் கேட்டார்.

சரி என்று கைகுலுக்க ரூபஸின் வலது கை தானாகவே மேசைக்கு மேல் எழுந்துவிட்டது. “இருவது வருசப் பழக்கம், நம்மளக் கேக்காமலே போகுது கையி” என்று இப்போது சொல்கிறார். பாதி வழியில் அதைத் திருப்பித் தண்ணீர் பாட்டிலைப் பிடிக்க வைத்தார். இரண்டு மடக்குக் குடித்தார். ராஜாவை ஒரு கட்டம் முன்னே நகர்த்தினார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இன்னும் முப்பத்தெட்டு நகர்த்தல்கள். கடைசியில் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டியவர் எதிராளிதான்.

அந்த வெற்றியோடு உலக வரிசையில் நாற்பத்தொன்றாம் இடம். போனில் ஷைலாவிடம், “எண்ணத் தெரியாதவன் எவனோ போட்டிருக்கான், நீ ஒருக்கா கூட்டிப் பாரு” என்றார். அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது.

ஊரில் பாராட்டு விழா. மேடையில் பூவேலைப்பாடு செய்த பெரிய செஸ் போர்டு, காய்கள் அடுக்கித் தயாராக இருந்தது. தீப்பெட்டி ஆலை முதலாளி பூவனநாதன் சிறப்பு விருந்தினர். முதல் காயை நகர்த்த அவர் குனிந்தார், போட்டோகிராபர்கள் நெருங்கினார்கள். ரூபஸ் போர்டைப் பார்த்தார். ஆடுபவரின் வலது கைப்பக்க மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்க வேண்டும். அங்கே கறுப்பு இருந்தது.

“ஒரு நிமிசம் அண்ணாச்சி” என்றார்.

முப்பத்திரண்டு காய்களையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். போர்டைக் கால்வட்டம் திருப்பினார். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். பூவனநாதன் நீட்டிய விரலோடு நின்றார். ரூபஸ் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. அவசரப்படாமல், யானையிலிருந்து தொடங்கி, எல்லாக் காய்களையும் அதனதன் கட்டத்தில் வைக்க ஆரம்பித்தார்.