எட்டாவது லேன்

மாவட்டப் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்துக்கு எனக்கு எட்டாவது லேன் விழுந்தது என்று கேட்டதுமே இரண்டு முறை கழிப்பறைக்குப் போய்வந்தேன். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டி. மாநிலத்தில் ஓடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட் கேட்கலாம். என் மார்க்கை நம்பி எவனும் சீட் தரப்போவதில்லை என்பது ஊரறிந்த விஷயம்.

அம்மா சூலூரில் தறி ஓட்டுகிறவர். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறிக் கோயம்புத்தூர் வந்திருந்தார். நான் ஓடி அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அது வேறு பயம்.

எங்கள் பள்ளி மைதானம் வெறும் மண் தரை. அங்கே லேனாவது ஒன்றாவது! எல்லாரும் ஒரே கோட்டில் நின்று கும்பலாக ஓடுவோம். அதனால் அன்று காலையில் எங்கள் பி.டி. டீச்சர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் மைதானத்தை வரைந்து காட்டினார்.

"முதல் வளைவு முடியற வரைக்கும் உன்ற லேன்லயே ஓடோணும் கண்ணு. முடிஞ்சதும் பச்சையா ஒரு கோடு இருக்கும், ஓரத்துல சின்னதாக் கூம்பு வெச்சிருப்பாங்க. அதைத் தாண்டுனதும் உள்ள போயிரு. வெளியவே ஓடுனா தூரம் கூடிப்போகும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க டீச்சர்."

"எங்க, நீ சொல்லு."

மூன்று முறை சொல்லவைத்தார். மூன்று முறையும் சரியாகத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு, எங்களுக்கு முன்னால் சின்னப் பிள்ளைகளின் ஓட்டம் நடந்தது. முதலாவதாக வந்தவள் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். குதித்து முடிப்பதற்குள் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். பச்சைக் கோட்டுக்கு நாலடி முன்பே உள்ளே வந்துவிட்டாளாம். வளைவில் இருந்த நடுவர் மஞ்சள் கொடியைத் தூக்கியிருக்கிறார். அவள் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரையில் புரண்டு அழுததைப் பார்த்ததும், டீச்சர் சொன்னதை நாலாவது முறையாக எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

எட்டாவது லேனில் ஓடுகிறவள் எல்லாருக்கும் முன்னால் தள்ளி நிற்கவேண்டும். எதிரில் ஓர் ஆளும் தெரியாது. துப்பாக்கி வெடித்ததும் முதுகுக்குப் பின்னால் ஏழு பேரின் ஆணி ஷூக்கள் சரக் சரக்கென்று வருவது மட்டும் கேட்டது. நாய் துரத்தினால்கூடத் திரும்பிப் பார்க்கலாம், இங்கே அதுவும் முடியாது.

வளைவு முடிந்தது. பச்சைக் கோடு, கூம்பு, இரண்டையும் கண்ணால் பார்த்தேன். தாண்டினேன். ஏழு பேரும் இடது பக்கம் சரிந்து உள்ளே போனார்கள். நான் போகவில்லை. இது வேறு கோடாக இருந்தால்? ஏழு பேரும் தப்பாகப் போயிருந்தால்? ஓரத்தில் ஒரு நடுவர் மடியில் கொடியோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் கொடியைத் தவிர எனக்கு எதுவுமே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் போய் உள்ளே வரலாம், இன்னும் கொஞ்சம் என்று அடுத்த வளைவு முழுவதையும் வெளியிலேயே ஓடித் தொலைத்தேன்.

டீச்சர் வேலிக்கு அந்தப் பக்கம் கூடவே ஓடிவந்து கத்தினார். "உள்ள வா சாமி! உள்ள வா!" காதில் நன்றாகவே விழுந்தது. கால்தான் கேட்கவில்லை.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது நான் எட்டாவது ஆள். மணியடித்தவரே, "பாப்பா, உள்ள போம்மா!" என்று கையை வீசினார். அவரே சொல்லிவிட்டார், இனி யார் கேட்பது! உள்ளே பாய்ந்தேன். அதன் பிறகு எங்கிருந்து அத்தனை மூச்சு வந்ததோ, ஐந்து பேரைத் தாண்டினேன். இரண்டாவதாகப் போனவளின் பின்னல் கைக்கெட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் கோட்டைத் தாண்டிவிட்டாள். நான் மூன்றாவது.

ஒரு நடுவர் சிரித்துக்கொண்டே வந்தார். "ஏம்மா, இருவத்தஞ்சு மீட்டர் சும்மா ஓடியிருக்கியே! உள்ள வரலாம்னு யாருமே சொல்லலியா?"

நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "புள்ளைக்கு என்னுங்க தெரியும்? சொல்லிக்குடுத்திருந்தா வந்திருக்க மாட்டாளா?" டீச்சர் பக்கம் திரும்பினார். அம்மா அதுவரை யாரிடமும் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. "ஏனுங்க டீச்சர், உங்களை நம்பித்தானுங்க புள்ளைய உட்டேன். இதைக்கூடச் சொல்லலீங்களா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் விரலில் காலையில் வரைந்த சாக்பீஸ் தூள் இன்னும் இருந்தது. சொன்னாங்கம்மா, நான்தான் பயந்துட்டேன். இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதற்கும் பயந்தேன். குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்த்தேன்.

"என்ற தப்புத்தானுங்க," என்றார் டீச்சர். "சரியாச் சொல்லாம உட்டுப்போட்டேன்."

பஸ்ஸில் அம்மா வழிநெடுக அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். நடுவில் என்ன நினைத்தாரோ, என் பக்கம் திரும்பி, "நெசமாவே ஒண்ணுஞ் சொல்லலியா கண்ணு?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா," என்றேன்.