இரண்டாவது சிவப்புக் கட்டம்

அந்த ஆளைப் பார்த்ததும் ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில், கையேட்டுப் பக்கங்களின் எழுத்தளவு, இடைவெளி, நடை எல்லாவற்றையும் திருத்துவது அவர் வேலை. ஒல்லி உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. பேசும்போதே மேசைக் காகிதங்களை விளிம்போடு விளிம்பு சேர்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் மென்பொருளில் ஓடும், இரும்பு கடையும் கம்ப்யூட்டர் லேத்தின் கையேட்டில், சுழற்சி நிற்கும் முன் கை வைக்காதீர்கள் என்ற சிவப்புக் கட்ட எச்சரிக்கையை அவர்தான் முதல் பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குத் தள்ளியிருந்தார். என் மகள் வேலை செய்த பட்டறையில் முதல் பக்கத்தை மட்டும் மெஷினருகே ஒட்டியிருந்தார்கள். அதை மட்டும் படித்திருந்த அவளுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

"ஏனுங்க மாத்துனீங்க?" என்றேன்.

"அந்தப் பக்கத்துல ஏற்கெனவே ஒண்ணு இருக்குதுங்க. பக்கத்துக்கு ஒரு சிவப்புக் கட்டந்தான் வைக்கோணும். அதுதான் முறைங்க."

"உங்க முறையை அடுப்புல போடுங்க. எம்பொண்ணு இடது கையில சாப்பிடறா."

அவர் நிமிரவில்லை. எச்சரிக்கையைப் பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு நான் எழுதியிருந்த மனுவை வாங்கிப் படித்தார்.

"இப்படிக் குடுத்தா ஆகாதுங்க அம்மா. நீங்க கேக்கறது ரெண்டாம் பக்கத்துல கெடக்குது. ஆரும் திருப்பிப் பாக்க மாட்டாங்க." அதை முதல் வரியாக்கித் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

"இது தெரிஞ்ச நீங்களாங்க அந்தக் கட்டத்தை அடுத்த பக்கத்துல வெச்சீங்க?"

அவர் மேசைக் காகிதங்களை மறுபடி விளிம்போடு விளிம்பு சேர்த்தார்.

எச்சரிக்கை முதல் பக்கத்துக்கே வந்துவிட்டதாகப் பிறகு கடிதம் வந்தது. அவரை நினைத்தால் இன்னும் ஓங்கி அறையத்தான் தோன்றுகிறது. அவ்வளவு தெரிந்த மனிதர் அன்று என்ன நினைத்து அதைத் தள்ளினார் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.