திரும்ப இடமுள்ள முக்கு

1. டிரம்

ஆவடிப் பக்கம் நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. சார்ஜ் எடுத்த கையோடு போன் வந்தது. "மேடம், தரைப்பாலத்துல தண்ணி ஏறுது," என்றார் சாலை ஆய்வாளர் வரதன்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லிப் பக்கம் போகும் எங்கள் சாலை ஒன்று கூவத்தைக் கடக்கும் இடம் அது. கைப்பிடிச் சுவர் கிடையாது. வெயில் காலத்தில் அங்கே ஆறு இருப்பதே தெரியாது, குப்பைதான் தெரியும். மேலே ஏரிகள் நிரம்பிவிட்டால் பாலத்தையே தேட வேண்டியிருக்கும்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம். தண்ணீர் பாலத்தைத் தொட்டதும் இரு முனையிலும் காலி தார் டிரம்களை நிறுத்தி, குறுக்கே சவுக்குக் கம்பைக் கட்டி, சிவப்புத் துணியைத் தொங்கவிடுவோம். படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பாலம் மூடியாயிற்று. அன்றும் அப்படியே செய்தோம். மேலிடத்திலிருந்து கட்டைவிரல் வந்தது. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. சும்மாவே ஓரிடத்தில் நிற்காத ஆள் நான். டிரம்முக்கும் ஜீப்புக்கும் நடையாய் நடந்தேன்.

2. ஷேர் ஆட்டோ

பாலத்துக்கு வரும் அப்ரோச் சாலை குறுகல், இரு பக்கமும் பள்ளம். கம்பெனி விடும் நேரம் வேறு. ஐ.டி. பிள்ளைகள் மேப்பை நம்பி பைக்கில் வந்துகொண்டே இருந்தார்கள். டெம்போ, தண்ணீர் லாரி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெருக்கின. ஒரே ஹாரன் சத்தம்.

முன்னால் நின்ற ஷேர் ஆட்டோவின் டிரைவர் பாபு இறங்கி வந்து டிரம்மை உருட்டினார்.

"யோவ், இன்னா பண்றே?" என்று வரதன் கத்தினார்.

"பின்னாடி பாரு அண்ணாத்தே. எங்க திரும்பறது? உள்ள லேடீஸ் கீறாங்க. ஊட்டுக்குப் போவ வேணாவா?"

நாங்கள் தடுப்பதற்குள் ஆட்டோ தண்ணீரில் இறங்கிவிட்டது. நடுப்பாலத்தில் எஞ்சின் நின்றது. வெள்ளம் வண்டியை ஓரத்துக்குத் தள்ளியது. உள்ளே இருந்த பெண்கள் கூச்சலிட்டார்கள். தண்ணீர் லாரியில் கயிற்றைக் கட்டி, எங்கள் சாலைப் பணி ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டே போய்ப் பெண்களைக் கரை சேர்த்தார்கள். கடைசியாகப் பாபு வந்தார். அவர் கரையில் கால் வைத்த சமயம் ஆட்டோ சரிந்து ஆற்றோடு போனது.

பாபு அழவில்லை. என்னைத்தான் பார்த்தார். "தண்ணி ஏறிக்கினு கீதுன்னு முக்குலயே சொல்லியிருந்தா அப்படியே திரும்பியிருப்பேனே மேடம்."

பளார் என்று அறை வாங்கியது போல இருந்தது. பாலத்தின் வாயில் வந்து தடுத்தால் வண்டிக்காரன் எங்கே போவான்?

3. ரோலர்

கடைசி வண்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுக்கவைத்தோம். எதிர்க்கரையில் போலீசிடம் சொல்லி அங்கேயும் முக்கிலேயே நிறுத்தச் செய்தேன். எங்கள் பக்கம், டீக்கடை இருக்கும் அகலமான முக்கில், பக்கத்து வேலைக்காக நின்றிருந்த ரோடு ரோலரைக் குறுக்கே நிறுத்தி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அதை யாரும் உருட்ட முடியாது.

கொஞ்ச நேரத்தில் கோட்டப் பொறியாளரின் ஜீப் வந்தது. இறங்கும்போதே சத்தம்.

"பாலம் எங்கேயோ இருக்கு. இங்க எதுக்கும்மா ரோட்டை மூடினே? எனக்குப் போன் மேல போன். ரோலரை எடு!"

"எடுக்க மாட்டேன் சார்."

"யாரைக் கேட்டு மூடினே?"

எனக்கும் கோபம்தான். பதிலுக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவருடைய டிரைவர், ரோலரைப் பார்த்தவர், பேச்சை எல்லாம் காதில் வாங்காமல் ஸ்டியரிங்கை ஒரே ஒடியாக ஒடித்து ஜீப்பைத் திருப்பி, வந்த திசை பார்த்து நிறுத்திவிட்டார்.

"சார், வேற வழியில போயிடலாம். ஏறுங்க."

கோட்டப் பொறியாளர் ஜீப்பைப் பார்த்தார். ரோலரைப் பார்த்தார். பிறகு ஏறிக்கொண்டார். போகும்போது, "சாவி பத்திரம்," என்றார்.

இப்போது அங்கே உயரமான பாலம் வந்துவிட்டது. ஆனால் தரைப்பாலங்கள் இன்னும் இருக்கின்றன, மழையும் வரும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குச் சொல்கிறேன்: பாலத்தை மூடச் சொன்னால் நேரே பாலத்துக்கு ஓடாதீர்கள். வண்டி திரும்ப எங்கே இடம் இருக்கிறது என்று பாருங்கள், அங்கே போய் நில்லுங்கள். எங்களுக்கு இது புரிய, பாபுவின் ஆட்டோ போக வேண்டியிருந்தது.