முன்சீட்டுக்கு ஒரு வியாதி

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நான், போடியிலிருந்து மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்களின் ஜீப்பில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் புடவைமேல் ஆண் சட்டை போட்ட ஓர் அம்மாள். இடுப்பிலிருந்து குதிகால் வரை இழுக்கும் தன் நரம்பு வலிக்கு டாக்டர் சொன்ன பெயரை அவர் எல்லோருக்கும் வாரி வழங்கிக்கொண்டிருந்தார். எஞ்சின் முனகினால் வண்டிக்கு சயாட்டிகா! கங்காணி முறைத்தால் அவருக்கும் சயாட்டிகா!

"ஏலத்துல வெல எறங்கட்டும், மொதலாளிக்கும் வந்துரும்!"

ஜீப்பே சிரித்தது. சிரித்ததில் எனக்கு வயிறு வலித்தது.

மலையடிவாரத்தில் ஓர் இளம்பெண் முகம் வெளிறி ஏறினாள். அம்மாள் என் தோளைத் தட்டினார்.

"டீச்சர், வெரசா பின்னால வாங்க. இந்தப் புள்ளைக்கு சயாட்டிகா, குலுங்கக் கூடாது."

ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். முன்சீட்டை அவளுக்கு விட்டுவிட்டு நான் அம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இந்த வயசுலயா?"

அவர் என் காதோரம் குனிந்தார். "ஆம்பளைக இருக்குற வண்டியில, மாசாமாசம் வர்ற வலிய வாய்விட்டுச் சொல்லுவாளா? இந்தப் பேரச் சொன்னா ஒருத்தனும் மேல கேக்க மாட்டான்."

கைதட்ட வேண்டும்போல இருந்தது எனக்கு. "அப்ப உங்க சயாட்டிகாவும் சும்மாதானா?"

கொண்டை ஊசி வளைவில் ஜீப் தூக்கிப் போட்டது. அவர் பல்லைக் கடித்துக் கம்பியை இறுக்கிப் பிடித்தார்.

"எனக்கு மட்டும் நெசம் டீச்சர்."

மரத்துப்போன காலை இரண்டு கைகளாலும் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டு முன்பக்கம் பார்த்துக் கத்தினார்:

"நல்லாச் சாஞ்சு உக்காரு ஆத்தா!"