புல் மட்டும் முளைக்கும் மேடு

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாயப்பட்டறை இருந்தது. கழிவுத் தண்ணீரைக் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் விடுவார்கள். நான் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படித்தபோது தெருக்கிணற்றில் தண்ணீர் நீலமாக ஊறியது. பட்டறையை இழுத்து மூடினார்கள். பள்ளத்தையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

வேலையைப் பார்க்க வந்த என்ஜினீயர் என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். நான் வேலியோரம் நின்று கேள்வி கேட்டு அவர் உயிரை வாங்குவேன். பாவம், பதில் சொல்வார். வெளிநாட்டில் பழைய அணு உலை இருந்த நிலங்களை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று படித்திருந்தாராம். இங்கேயும் அதே முறைதான்: கெட்ட மண்ணையெல்லாம் வழித்து ஒரே குழியில் கொட்டி, மேலே களிமண்ணைக் கெட்டித்து, அதற்கும் மேலே செம்மண். அப்புறம் புல் மட்டும். ஆழமாக வேர்விடும் எதுவும் கூடாது. களிமண் பிளந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, விஷத்தோடு திரும்பக் கிணற்றுக்கு வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன், அவர் எங்கள் முருங்கையைக் காட்டும்வரை. எங்கள் கொல்லையில் பாதியும் கெட்ட மண்ணாம்.

அது அக்கா நட்ட மரம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவரைக் கட்டிக்கொண்டு அவள் பிரான்சுக்குப் போனாள். கிளம்பும்போது என்னை மரத்தடியில் நிறுத்தி, "நான் வர்ற வரைக்கும் இத பாத்துக்கடா" என்றாள். மரம் பூத்ததா என்பதுதான் அவள் கடிதங்களின் கடைசி வரி.

மரத்தை வெட்டிக் குழியில் போட்டார்கள். ஒரே ஒரு கொம்பை மட்டும் சைக்கிளில் கட்டினேன். கருவடிக்குப்பத்தில் சித்தப்பா வீட்டில் ஊன்றினால் துளிர்த்துவிடும். என்ஜினீயர் பார்த்துவிட்டார்.

"தம்பி, அதையும் குடுத்துடுங்க."

"ஒரு கொம்புதான சார். இதுல என்ன கெட்டுடப் போவுது?"

"இத்தன வருஷம் அது குடிச்ச தண்ணி எது? நாளைக்கி கீர பறிச்சி சமைப்பாங்களா, மாட்டாங்களா?"

சித்தி கட்டாயம் சமைப்பாள். அவிழ்த்து நானே குழியில் போட்டேன்.

அக்காவுக்கு எழுதவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் போடுவேன், கடைசி வரியைத் தவிர. மூன்று வருஷம் அப்படியே ஓட்டினேன். பிறகு லீவில் வருவதாக எழுதினாள்.

வந்ததும் நேரே கொல்லைக்குத்தான் போனாள். எதிரே பச்சை மேடு. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. மேட்டில் ஏறி நடந்தவள் நடுவில் குனிந்தாள். புல்லுக்குள் ஒரு முருங்கைக் கன்று, ஒரு சாண் இருக்கும். எங்கள் மரத்து விதையா, செம்மண்ணோடு லாரியில் வந்ததா, யார் கண்டது.

இருக்கட்டும் என்று அவள் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். சத்தியமாக.

"கெணத்து தண்ணி இப்ப எப்டிடா இருக்கு?"

"தெளிஞ்சிடுச்சிக்கா."

கொஞ்ச நேரம் அந்த இலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு வேரோடு பிடுங்கினாள்.

இப்போதும் கடிதம் வருகிறது. கடைசி வரி இருந்த இடத்தில் அவள் பெயர் மட்டும். இந்தத் தடவையாவது கேட்டிருப்பாளா என்று கடைசியிலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன்.