எங்கள் வீட்டு எதிரொலி

விருத்தாசலத்தில் ஓர் அறைக்கு மரியாதை செய்வதென்றால் டைல்ஸ் ஒட்டுவார்கள். சமையலறையானாலும் சரி, கல்லறையானாலும் சரி, அதே மரியாதைதான். வீட்டுக்கு வீடு சிடி பிளேயர் வந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் பின்பக்க அறையை ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஆக்கப்போவதாக அறிவித்த சித்தப்பா, முதல் வேலையாக நான்கு சுவருக்கும் பளபளவென்று வெள்ளை டைல்ஸ் ஒட்டினார். செராமிக் கம்பெனியில் சூளை வேலை பார்த்தவர். அவருக்கென்று ஒரு விஞ்ஞானம் இருந்தது.

"கிளேஸ் பூச்சு போட்ட சாமானுல தண்ணியே எறங்காது. சத்தம் மட்டும் எப்படி வெளிய போவும்?" என்றார்.

எட்டு வயதில் எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

ஸ்டுடியோ அத்தைக்காக. அத்தை அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. கல்யாணத்துக்கு முன் எங்கள் கோயில் பாட்டுக்குழுவில் அவள் குரல்தான் முதலில் எழும். சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தவக்காலத்தில் ஒரு பையோடு வந்தவள் ஈஸ்டர் கழிந்தும் திரும்பிப் போகவில்லை. யார் கேட்டாலும் வீட்டில் ஒரே பதில்தான்: மாதா பாட்டு சிடி போடப்போகிறோம், அதற்குப் பாட வந்திருக்கிறாள். அத்தையின் புருஷன் மாமாவிடம் அப்பா போனில் சொன்னதும் அதுதான்.

"பாட்டு முடிஞ்ச அன்னிக்கே நானே கொண்டாந்து உட்டுர்றேன் மாப்ள."

அப்பா சொன்ன சொல் மாறாதவர். கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அவர் போனை வைத்ததும் அத்தை எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். எல்லாம் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்கள். நான் அதைச் சொல்லியும் அவள் கழுவிக்கொண்டே இருந்தாள்.

பாண்டிச்சேரியிலிருந்து ஒரு ரெக்கார்டிங்காரர் வந்து அறையைப் பார்த்தார். நடுவில் நின்று ஒரு தரம் கைதட்டினார். டைல்ஸ் சுவர்கள் நான்கும் மாறி மாறித் தட்டின.

"இது பாத்ரூமுங்க," என்றார். "ரூமு இவ்ளோ உயிரோட இருக்கக் கூடாது. தட்டுனா சத்தம் அங்கியே சாவணும். ரூம சாவடிங்க, அப்பறம் பாடலாம்."

அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதா பாட்டு பாடற எடத்துல என்னா பேச்சுங்க இது?"

ஓர் அறை எப்படிச் சாகும் என்று நான் வெகுநேரம் யோசித்தேன். டைல்ஸைப் பெயர்த்தார்கள். அந்த இடத்தில் எங்கள் இலவம்பஞ்சு மெத்தைகள், அம்மாவின் பழைய புடவைகள், சாக்குகள், முட்டை அட்டைகள் எல்லாம் ஆணியில் ஏறின. நாங்கள் பாயில் படுத்தோம். உள்ளே போய்ப் பேசினால் வாயிலிருந்து வார்த்தை விழுந்துவிடுவது போலிருந்தது. அறை செத்துவிட்டது என்று நான் ஓடிப்போய்ச் சொன்னேன். பாராட்டுவார் என்று பார்த்தால் சித்தப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"இல்லடி, அந்த மூலையில எதிரொலி இன்னும் மூச்சு வாங்குது," என்றார்.

அந்த மூலைக்கு ஒரு தலையணை வைத்தார். அடுத்த வாரம் கூரையில் வாங்குகிறது என்றார். அதை அடைத்ததும், ரொம்பவும் செத்துவிட்டது, குரல் எடுபடாது என்று பாதி மெத்தையைக் கழற்றினார். பிறகு அதையே திரும்ப மாட்டினார். இவ்வளவு கெட்டிக்கார மனிதருக்கு ஓர் அறையை முடிக்கத் தெரியவில்லையே என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. மைக் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. அத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் ஆணி எடுத்துக் கொடுத்தாள், அலுத்துக்கொள்ளாமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வரும்போது மாமா வாசலில் நின்றார். எனக்கு கிரீம் பிஸ்கட் வாங்கி வந்திருந்தார். அதனால் நான் அவர் கட்சி.

"ஒரு ரூமுக்கு இத்தினி நாளா? ஊர்ல எல்லாரும் சிரிக்கிறாங்க," என்றார் சிரித்துக்கொண்டே.

"எதிரொலி இன்னும் அடங்கல மாமா," என்றார் சித்தப்பா.

"எங்க, நான் பாக்கறேன்."

அந்தச் சின்ன அறைக்குள் எல்லாரும் நெருக்கியடித்து நுழைந்தோம். அதுவரை எட்டிக்கூடப் பார்க்காத அப்பாவும் வந்தார். மாமா கைதட்டிப் பார்க்க இரண்டு கைகளையும் தூக்கினார். பக்கத்தில் நின்ற அத்தை சட்டென்று குனிந்து முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். மேலிருந்து மெத்தை விழுகிறதாக்கும் என்று நானும் குனிந்தேன். ஒன்றும் விழவில்லை. நிமிர்ந்தபோது அப்பா அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா தட்டினார். சத்தம் அங்கேயே செத்தது.

"ஒண்ணும் கேக்கலியே!"

"ஆமா, கேக்கல!" என்றேன் நானும் உற்சாகமாக. அம்மா என் தொடையில் கிள்ளினாள். சித்தப்பா தரையைப் பார்த்தார்.

"மச்சான், நீங்க சொல்லுங்க," என்றார் மாமா. "நீங்க பொய் பேச மாட்டீங்க."

அப்பா ஒருமுறை கைதட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். துளிச் சத்தம் இல்லை.

"கேக்குது மாப்ள," என்றார் அப்பா.

"எங்க கேக்குது?"

"எனக்குக் கேக்குது. நல்லாவே கேக்குது. அது அடங்கற மட்டும் எந்தங்கச்சி இங்கதான் இருக்கும். நீங்க போயிட்டு வாங்க."

அதுவரை கேட்காத அம்மாவும் தனக்குக் கேட்பதாகச் சொன்னாள். மாமா எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு சாப்பிடாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார். கறிக்குழம்பு செய்திருந்த நாளில் ஒருவர் சாப்பிடாமல் போனது எனக்கு வருத்தமாக இருந்தது.

அதைவிடப் பெரிய கவலை அப்பாவைப் பற்றியது. அவர் பொய் பேச மாட்டார். அறையிலோ எதிரொலி இல்லை. அப்படியென்றால் பழுது அவர் காதில்தான் இருக்க வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவின் காதருகே போய், "அப்பா, சோறு போடட்டுமா?" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சொந்த அண்ணனுக்குக் காது போயிருக்கிறது, இவளுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.